கடைசியாக எழுதிய நேரம்

கால் நூற்றாண்டாக நிலவறையில் கிடந்த பெட்டியைத் தூக்கிவந்து மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்தேன். வன்வட்டு ஒருமுறை முனகிவிட்டுச் சுழன்றது. கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'டேட்' என்று அடித்தேன். திங்கட்கிழமை, 17 யூன் 91, அதிகாலை 4:12 என்றது.

நான் அதைக் கடைசியாக நிறுத்தியது 1999 நவம்பரில். ஆகவே இது நின்றுபோன மணிக்கூடு காட்டுகிற நேரமும் அல்ல. 1991 யூன் 17 அதிகாலையில் நான் நித்திரையில் இருந்திருப்பேன். அந்தத் திகதி எங்கிருந்து வந்தது என்று விளங்க எனக்கு ஒரு பின்னேரம் தேவைப்பட்டது.

இயந்திரம் கொமடோர் அமிகா 2000. 1991 மார்ச் 3, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜேர்மன்காரர் ஒருவரிடம் இரண்டாம் கையாக வாங்கினேன். பலகையில் இருந்த பற்றரி கசிந்ததால் வெட்டி எறிந்துவிட்டதாகவும், அதனால் மணிச் சில்லு வேலை செய்யாது என்றும், மற்றதெல்லாம் சரி என்றும் சொன்னார். விலையைக் குறைத்தும் தந்தார். அன்றைக்கு ஒருமுறை திகதியையும் நேரத்தையும் அடித்துக் கொடுத்தேன். அதன் பிறகு ஒருநாளும் கொடுக்கவில்லை.

மணிச் சில்லு இல்லாத அமிகா விழித்தவுடன் தான் எந்த வட்டிலிருந்து எழுந்ததோ அதைப் பார்க்கும். அந்த வட்டில் கடைசியாக எப்போது எழுதப்பட்டது என்ற குறிப்பு இருக்கும். அதையே 'இப்போது' என்று எடுத்துக்கொண்டு அங்கிருந்து எண்ணத் தொடங்கும். அணைத்தால் எண்ணுவதும் நிற்கும். அணைப்பதற்கு முன் அரை மணித்தியாலம் சும்மா பார்த்துக்கொண்டு இருந்திருந்தால் அந்த அரை மணித்தியாலமும் கணக்கில் இல்லை. எழுதினால்தான் நேரம்.

மார்ச் 3இலிருந்து யூன் 17 வரை 106 நாட்கள். எட்டரை வருடம் நான் அதன் முன்னால் குந்தியிருந்ததில் அது கணக்கில் எடுத்ததெல்லாம் சேர்த்து 2,500 மணித்தியாலங்களுக்குச் சற்று மேல். அந்த இயந்திரத்துக்கு வயது அவ்வளவுதான். சோவியத் ஒன்றியம் உடைந்ததும், கொமடோர் நிறுவனமே 1994 ஏப்ரலில் வங்குரோத்தானதும் அதற்குத் தெரியாது.

இதைச் சரிசெய்ய வேண்டுமென்று ஏன் தோன்றியது என்பதற்கு என்னிடம் நல்ல காரணம் இல்லை. மகள் கேட்டாள்: "ஏனப்பா இவ்வளவு கரைச்சல்? உங்கட போனில மணி இருக்குத்தானே, பார்த்து அடிச்சு விடுங்கோவன்." அடித்துவிடலாம்தான். எட்டரை வருடம் அதைக்கூடச் செய்யாதவன், இப்போது அதுவே போய்க் கேட்டு அறிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன்.

முதலில் பலகையைக் கழற்றினேன். பற்றரியை வெட்டியவர் கசிந்ததைத் துடைக்கவில்லை. நிக்கல்-கட்மியம் பற்றரியிலிருந்து வடிவது காரம். அது செப்பைத் தின்னும். அமிகா 2000இல் பற்றரி இருக்கிற மூலை பொல்லாத மூலை. மத்திய செயலியும் விரிவாக்கத் துளைகளுக்குப் போகிற தடங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. பச்சையும் நீலமும் கலந்த பூஞ்சணம் மாதிரியான பொருக்கு மணிச் சில்லின் கால்களை மூடி, செயலி இருந்த பக்கமாக ஊர்ந்துகொண்டிருந்தது. வினாகிரியில் பஞ்சுக் குச்சியைத் தோய்த்துத் தொட்டால் மெல்ல நுரைக்கும். நுரை அடங்கும்வரை தொட்டு, பிறகு ஸ்பிரிட்டால் கழுவி, உருப்பெருக்கிக்குக் கீழே ஒவ்வொரு தடமாக ஊசியால் சுரண்டிப் பார்த்தேன். பளபளவென்று செப்புத் தெரிந்தால் பிழைத்தது. கறுப்பாகப் பொடியாக வந்தால் போனது. மணிச் சில்லுக்குப் போகிற தடங்களில் மூன்று போயிருந்தன. அவற்றை அப்படியே விட்டேன். செயலிக்குப் போன ஒன்றுக்கு மட்டும் மயிர்போன்ற கம்பியால் பாலம் போட்டு ஈயம் பற்றவைத்தேன்.

அதே பலகையில் ஒரு சின்ன ஜம்பர் உண்டு. விநாடிக்கு ஐம்பது தரம் துடிக்கிற ஒரு எண்ணிக்கு அந்தத் துடிப்பை எங்கிருந்து எடுப்பது என்று அதில் தெரிவுசெய்யலாம்: படத்திரையின் அலைவரிசையிலிருந்தா, சுவரில் வருகிற மின்சாரத்திலிருந்தா. சுவர் மின்சாரத்தை நம்பி மணி எண்ணுவது கேலியாகத் தோன்றலாம். நீண்டகாலச் சராசரியில் அது நல்ல கணக்குப்பிள்ளை, ஏனென்றால் மின்வலையை நடத்துகிறவர்கள் விட்டுப்போன துடிப்புகளைப் பிறகு ஈடுசெய்துவிடுவார்கள். 2018இன் தொடக்கத்தில் மட்டும் அது பிசகியது. சேர்பியாவுக்கும் கொசோவோவுக்கும் இடையிலான தகராறில் ஐரோப்பிய மின்வலையின் அதிர்வெண் வாரக்கணக்கில் ஐம்பதுக்கு ஒரு மயிரிழை கீழே கிடந்தது. மார்ச் தொடக்கத்தில் ஜேர்மனியின் குசினிகளில் அடுப்பு மணிகள் ஆறு நிமிடம் பிந்தியிருந்தன. எங்கள் வீட்டிலும் அடுப்பு பிந்தியது. சுவரில் இருந்த வானொலி மணிக்கூடு பிந்தவில்லை. அந்த மணிக்கூட்டுக்குத் திரும்பவும் வருகிறேன்.

வலையமைப்பு அட்டை கிடைத்தது அதிர்ஷ்டம். கொமடோரே செய்த ஏ2065. அதன் முதுகில் இன்றைய ஈதர்நெட் வாய் இல்லை. பழைய ஓரச்சுக் கம்பிக்கு ஒரு வட்ட வாயும் பதினைந்து ஊசி வாய் ஒன்றும்தான். பதினைந்து ஊசி வாயில் தீப்பெட்டியளவு மாற்றி ஒன்றைச் செருகினால் மறுபக்கம் சாதாரணக் கம்பி கொழுவலாம். கொழுவியதும் மாற்றியில் பச்சை விளக்கு எரிந்தது.

மென்பொருள், பின்லாந்துக்காரர்கள் எழுதிய அமிடிசிபி. இன்றைக்குக் கம்பியைக் கொழுவினால் முகவரி தானாக வந்துவிடும். அதில் எல்லாவற்றையும் கையால் எழுதவேண்டும். ஒரு கோப்பில் அட்டையின் சாரதியின் பெயர், இன்னொன்றில் இயந்திரத்தின் பெயரும் முகவரியும், மற்றொன்றில் பெயர்களை எண்ணாக மாற்றித் தருகிறவரின் முகவரி. ஒரு எழுத்துப் பிழைத்தாலும் ஒன்றும் சொல்லாமல் ஊமையாக இருக்கும். மூன்று இரவு ஊமையாக இருந்தது. பிழை ஒரு இடைவெளி, கோப்பின் முதல் வரியில், என் கைங்கரியம்.

கடைசியில், நேரம் கேட்கிற சிறு நிரல். அமிநெட் களஞ்சியத்தில் அப்படிப் பல கிடக்கின்றன. அது பேசுகிற மொழியின் பெயர் என்டிபி. டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்கர் அதை முதலில் எழுத்தில் வைத்தது 1985 செப்டெம்பரில். அமிகாவை நியூயோர்க்கில் மேடையேற்றியது அதே வருடம் யூலை 23. இரண்டு மாத இடைவெளியில் பிறந்தவை இரண்டும். மில்ஸ் பின்னர் டெலவேர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கொமடோரின் தலைமையகம் இருந்த வெஸ்ட் செஸ்டரிலிருந்து அது காரில் ஒரு மணித்தியாலத்துக்குள். பிறவியிலேயே கண்ணில் கிளோகோமா இருந்த அவர், முதுமையில் பார்வையை முழுதாக இழந்து, 2024 ஜனவரியில் இறந்தார். உலகத்தின் மணிக்கூடுகளை ஒன்றோடொன்று பேசவைத்தவர் கடைசிக் காலத்தில் எந்த மணிக்கூட்டையும் பார்க்கமுடியாமல் இருந்தார் என்று எழுதக் கை வருகிறது. ஆனால் அது மலிவான வரி. அவருக்கு மணிக்கூட்டு முகம் ஒருநாளும் முக்கியமாக இருந்ததில்லை, இடைவெளிகள்தான் முக்கியம்.

கேள்வி 48 பைட்டுகள். முதல் பைட் 27, மற்றவை பூச்சியமாகவே இருக்கலாம். வெறும் தாளைக் கடித உறைக்குள் போட்டு அனுப்புகிற மாதிரி. பதிலும் 48 பைட்டுகள்.

வித்தை இருப்பது அனுப்புகிற, பெறுகிற நேரங்களில். எங்களுடைய தலைமுறைக்கு இதைக் கடிதத்தால் சொன்னால் விளங்கும். நான் கடிதத்தில் திகதி போட்டு யாழ்ப்பாணத்துக்கு அனுப்புகிறேன். அம்மா கிடைத்த திகதியைக் குறித்து, பதில் எழுதிய திகதியையும் போட்டு அனுப்புகிறா. அது என் கைக்கு வந்த திகதியை நான் குறிக்கிறேன். நான்கு திகதிகள். போய்வந்த மொத்த நாளில் கடிதம் அங்கே மேசையில் கிடந்த நாளைக் கழித்தால் பயணம். அதைப் பாதியாக்கினால் ஒருவழிப் பயணம். அதை வைத்து என் நாட்காட்டிக்கும் அம்மாவின் நாட்காட்டிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கண்டுபிடித்துவிடலாம்.

பாதியாக்குவதில்தான் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: போகிற வழியும் வருகிற வழியும் ஒரே நீளம் என்று. தொண்ணூறுகளில் இங்கிருந்து போகிற கடிதத்துக்கு மூன்று மாதம் எடுக்கும், அங்கிருந்து யாராவது கொழும்புக்கு வருகிறவரின் கையில் வருவது மூன்று கிழமையில் வந்துவிடும். மில்ஸின் கணக்கில் அதைப் போட்டால், யாழ்ப்பாணம் ஜேர்மனியைவிட ஒரு மாதத்துக்கும் மேலாக முன்னால் போகிறது என்று விடை வரும். இரண்டு வழிகளின் வித்தியாசத்தில் சரிபாதி பிழையாகச் சேரும். அந்தப் பிழையை நான்கு திகதிகளை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் கெட்டிக்காரனாலும் கண்டுபிடிக்க முடியாது. என் வீட்டு இணையத்தில் போய்வர இருபத்தைந்து மில்லிவிநாடி. பிழை எவ்வளவு என்றாலும் அமிகாவுக்குப் பொருட்டில்லை. அது கோப்புகளில் பொறிக்கிற நேரத்தின் மிகச்சிறிய அலகே விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. என்டிபி தருகிற நேரத்தின் கடைசி இலக்கம் விநாடியில் நானூறு கோடியில் ஒரு பங்கைவிடச் சிறியது. நகைக்கடைத் தராசில் நிறுத்ததை நான் மரைக்காலால் அளந்து வாங்கிக்கொள்கிறேன்.

அந்த ஐம்பதில் ஒரு பங்கு விசித்திரமானது. அமெரிக்காவில் சுவர் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். ஆனாலும் அமெரிக்க அமிகாவும் கோப்புகளுக்கு ஐம்பதால்தான் எண்ணும். காரணம், அதன் வட்டு இயங்குதளம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் குழுவினர் எழுதிய டிரைபோஸ் என்ற பழைய இயங்குதளத்திலிருந்து வந்தது. டிரைபோஸ் 1978 ஜனவரியில் வெளிவந்தது. அமிகாவுக்குக் காலம் தொடங்குவதும் 1978 ஜனவரி 1. அதற்கு முன் நடந்த எதற்கும் அது திகதி போடாது.

என்டிபிக்குக் காலம் தொடங்குவது 1900 ஜனவரி 1. ஆகவே வந்த விநாடிகளிலிருந்து 2,461,449,600ஐக் கழிக்கவேண்டும். கணக்கு அவ்வளவுதான். இதில் ஒரு சந்தோஷம் உண்டு. 2036 பெப்ரவரி 7ஆம் திகதி என்டிபியின் எண்ணி நிரம்பிப் பூச்சியத்துக்குத் திரும்பும். அன்றைக்கு எத்தனையோ நிரல்கள் குழம்பக்கூடும். அமிகாவில், குறியில்லாத 32 பிட் எண்ணாகக் கழித்தால், பூச்சியத்திலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க இல்லாத இடத்திலிருந்து கடன் வாங்கும். வாங்கிய கடனோடு வருகிற விடை சரியான விடை. கடன் கொடுத்தவர் வந்து கேட்கப் போவதில்லை. அமிகாவின் சொந்த இடறல் 2046 ஜனவரியில். எனக்கு அதைப் பார்க்கக் கிடைக்குமோ தெரியாது.

யாரிடம் கேட்பது? உலகம் முழுக்கப் பொதுவான நேர வழங்கிகள் உண்டு. நான் பிரவுன்ஷ்வைக்கைத் தெரிந்தெடுத்தேன். ஜேர்மனியின் அளவியல் நிறுவனமான பி.டி.பி. அங்கே இருக்கிறது. நாட்டின் சட்டபூர்வமான நேரத்தை வைத்திருந்து அறிவிக்கும் பொறுப்பை அதற்குக் கொடுத்த சட்டம் 1978 யூலை 25ஆம் திகதியது. அதே 1978. சீசியம் அணுக்களை வைத்து அவர்கள் எண்ணுகிற நேரம் பிராங்க்பேர்ட்டுக்குப் பக்கத்தில் மைன்ஃப்ளிங்கனில் நிற்கிற கம்பத்திலிருந்து 77.5 கிலோஹெர்ட்ஸில் வானொலியாகப் பரவுகிறது. எங்கள் குசினிச் சுவர் மணிக்கூடு கேட்பது அதைத்தான். அதே நிறுவனம் இணையத்திலும் நேரம் கேட்பவர்களுக்குப் பதில் சொல்கிறது.

பிரவுன்ஷ்வைக்கைத் தெரிந்தெடுத்ததற்கு வேறு காரணமும் இருக்கிறது. கொமடோரின் ஜேர்மன் தொழிற்சாலை இருந்தது அந்த நகரத்தில். அமிகா 2000இன் முதல் பலகையை வரைந்தது அங்கேதான். நகரத்தின் ஒரு பக்கத்தில் அணுக்கடிகாரங்கள், இன்னொரு பக்கத்தில் மணிச் சில்லுக்குப் பக்கத்திலேயே கசியக்கூடிய பற்றரியை வைத்துப் பெட்டியடித்த ஆலை. ஆலை போய்விட்டது. கடிகாரங்கள் இருக்கின்றன. என் இயந்திரம் ஊருக்குக் கடிதம் போடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பதில் வந்தது, முதல் தரமே. திரையில் நேரம் மாறியது. ஆண்டு சரி, மாதம் சரி, நாள் சரி. இரவு ஒன்பது மணிக்குப் பின்னேரம் ஐந்து என்றது.

என்டிபிக்கு நேர வலயம் தெரியாது. அது சொல்வது கிரீன்விச்சை ஒட்டிய உலக நேரம். அமிகாவுக்கு உலக நேரம் தெரியாது. அதற்குத் தெரிந்தது அது இருக்கிற வீட்டின் சுவர் நேரம் மட்டும். கோடைநேரம் என்பதும் தெரியாது. இரண்டுக்கும் நடுவே எத்தனை நிமிடம் என்று ஒரு கோப்பில் நான் எழுதிக் கொடுக்கவேண்டும். கோடையில் ஜேர்மனி இரண்டு மணித்தியாலம் முன்னால், ஆகவே 120 என்று எழுதினேன். அந்த நிரலை எழுதியவரோ வீட்டு நேரத்தோடு எதைக் கூட்டினால் கிரீன்விச் வரும் என்று கேட்டிருந்தார். அப்படியானால் -120. அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அவர் சரி.

நேர வலயத்தைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1996 மே 25இல் இலங்கை அரசு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. புலிகளின் பகுதிகளில் அந்தப் பத்து வருடமும் பழைய நேரம்தான். எனக்கு வந்த கலியாணக் கடிதம் ஒன்றில் முகூர்த்தத்துக்குப் பக்கத்தில் 'பழைய நேரம்' என்று பேனையால் எழுதியிருந்தது. ஓமந்தையைத் தாண்டினால் மணிக்கூட்டைத் திருப்பவேண்டும் என்று அக்கா தொலைபேசியில் சொன்னபோது, எவ்வளவு என்று நான் கேட்டேன். "அதை ஆர் கண்டது, அங்க போய்ச் சனத்தைக் கேள்" என்றா.

-120 என்று எழுதினேன். ஒன்பது மணி ஏழு நிமிடம் என்றது. குசினிக்குப் போய்ப் பார்த்தேன். ஒன்பது மணி ஏழு நிமிடம்.

பிறகு ஒரு காரியம் செய்தேன், நேரத்தோடு சம்பந்தமில்லாதது என்று நினைத்துத்தான். 'மனுக்கள்' என்ற அறையைத் திறந்து கோப்புகளைத் திகதி வரிசையில் பட்டியலிட்டேன். 212 கடிதங்கள். எல்லாம் ஜேர்மன் மொழியில் மற்றவர்களுக்காக நான் தட்டியவை. அகதி மனுப் போட்டவர்கள் மண்ணிற உறையோடு வந்து, இரண்டு கிழமைக்குள் பதில் போடவேண்டுமாம் தம்பி என்று கதவில் நிற்பார்கள். தாளின் தலையில் இருந்த திகதியை நான் நாட்காட்டியைப் பார்த்துக் கையால் அடித்தேன், ஆகவே அது மெய். கோப்பின் பக்கத்தில் இயந்திரம் பொறித்த திகதியோ 1991 மார்ச்சுக்கும் யூனுக்கும் நடுவில். 1993 ஜனவரி 18 என்று தலையில் போட்ட ஒரு மேன்முறையீடு, இயந்திரத்தின் கணக்கில் 1991 ஏப்ரல் 22, பின்னேரம் 3:40. திகதி ஒவ்வொன்றும் பொய். ஆனால் எதற்குப் பின் எது என்ற வரிசையில் ஒரு பிழை இல்லை.

அந்தப் பொய்த் திகதிகளுக்குள் வேறொரு உண்மை இருந்ததைக் கவனிக்கக் கொஞ்சம் நேரமெடுத்தது. 106 நாளில் கிட்டத்தட்டப் பாதி 1993இன் தொடக்கத்துக்குள்ளேயே முடிந்துவிட்டது. இரண்டு வருடத்தில் ஐம்பது நாள். மிச்ச ஐம்பத்தாறு நாளும் அதற்குப் பிறகான ஏழு வருடத்துக்கு. 1993 யூலையில் இங்கே அகதிச் சட்டம் இறுகிய பிறகு மண்ணிற உறைகள் குறைந்தன, பிறகு என் மகள் பிறந்தாள். சரியான மணிச் சில்லு இருந்திருந்தால் இது தெரிந்திராது. அது ஆண்டுகளைச் சமமாகப் பங்குபோட்டிருக்கும்.

கோப்பின் திகதியை மாற்றவும் அமிகாவில் ஒரு கட்டளை உண்டு, 'செட்டேட்'. 212 கோப்புகளுக்கும் தலையிலுள்ள மெய்த் திகதியைப் பொறிக்க ஒரு சின்ன நிரல் எழுதலாம். எழுதவும் தொடங்கினேன். மூன்றாவது வரியில் மகள் வந்து, "இதுகள் ஆரின்ர?" என்றாள். முதலாவது கோப்பைத் திறந்து வாசித்துக் காட்டினேன். அவளுடைய ஜேர்மன் என்னுடையதைவிட நல்லது. இரண்டாவது வசனத்திலேயே வேற்றுமை உருபு பிழை என்றாள். பிழையோடுதான் அது போய், அந்த ஆளுக்கு இங்கே இருக்க அனுமதியும் கிடைத்தது என்றேன். அன்றிரவு பதினெட்டுக் கடிதம் வாசித்தோம். நிரலை முடிக்கவில்லை.

இயந்திரம் எழும்பும்போதெல்லாம் தானாகவே நேரம் கேட்கும்படி தொடக்கக் கோப்பின் கடைசியில் இரண்டு வரி சேர்த்துச் சேமித்தேன். இரவு 11:38. அதுதான் அன்றைக்கு அந்த வட்டில் கடைசியாக எழுதியது. அணைத்துவிட்டுப் படுக்கப் போனேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போட்டேன். திரையின் மூலையில் முள் வைத்த மணிக்கூடு ஒன்றைத் திறந்து வைப்பது என் வழக்கம். அது 11:38 என்று காட்டியது. வெளியே வெயில், பள்ளிப் பிள்ளைகள் சத்தம், கோப்பியும் போட்டாயிற்று. மேசையில் இன்னும் நேற்றிரவு. அட்டையின் விளக்கு துடித்தது. விநாடி முள் பன்னிரண்டைத் தாண்டி 11:39 ஆனது. நான் கோப்பியை ஒரு வாய் குடித்தேன். பிறகு முட்கள் மூன்றும் ஒரே தத்தலில் எட்டு மணிக்கு வந்தன.